'இறந்தவர் பெயர்' என்ற கட்டம்

என் பிரியமான கோபக்கார அப்பா,

கடை நடக்கிறது. நேற்று தென்காசிக்குள் இரண்டு ஐஸ் பெட்டி போனது, ராயகிரிக்கு ஒன்று. சாவுக்கு ஒரு குறையும் இல்லை.

குற்றாலத்துக் காட்டேஜ் ஒன்றுக்குச் செய்த வெப்சைட்டை அப்படியே நம் கடைக்கு மாட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒருமுறை லாகின் செய்தவரை அது மறக்காது. 'மீண்டும் வருக' என்று பெயர் சொல்லிக் கூப்பிடும், போனமுறை கொடுத்த விவரங்களைத் தானே நிரப்பும். சீசனுக்கு வருகிறவனுக்கு அது வசதி. பிணத்துக்கு ஐஸ் பெட்டி வாடகைக்குக் கேட்டு வருகிறவனுக்கு?

நான் யோசிக்கவில்லை. "ஏலே, நம்ம கடைக்கு ரெண்டாந்தரம் வாரவன முன்னப்பின்ன தெரியாத மாதிரிதாம்ல பாக்கணும்" என்றீர்கள். "நீங்க மறங்க, சாஃப்ட்வேர் மறக்காது" என்று சிரித்தேன்.

சோதித்துப் பார்க்க உங்கள் போனிலேயே திறந்து கொடுத்தேன். 'இறந்தவர் பெயர்' கட்டத்தில் ஏதாவது ஒரு பெயரைப் போடச் சொன்னேன்.

"உசுரோட இருக்கவன் பேர எப்படிலே போடுதது?"

"சும்மா டெஸ்ட்டுக்குப்பா. சீக்கிரம்."

ஒற்றை விரலால் உங்கள் பெயரையே அடித்தீர்கள்.

ஐப்பசியில் இலஞ்சி ஊர் அக்கா ஒருவர் தன் மகனுக்குப் பெட்டி கேட்டுத் திறந்தார். ஆனியில்தான் புருஷனுக்கு எடுத்திருந்தார். 'மீண்டும் வருக' என்றது. கட்டத்தில் புருஷன் பெயர். அதை ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு மகன் பெயரை அடித்திருக்கிறார். பெட்டியோடு நீங்களே போய்த் திரும்பினீர்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அத எடுத்துருலே. இன்னைக்கே."

"அடுத்த வாரம் பாக்கலாம்" என்றேன். இரண்டு வரி, அப்பா. புரோகிராமில் அழிக்க வேண்டியது இரண்டே வரி. ஆறு வாரம் தள்ளினேன்.

ஏழாவது வாரம் படுத்தவர் நீங்கள் எழவில்லை. புக்கிங் இல்லாமல் பெட்டி ஏற்றக்கூடாது என்று டிரைவருக்குச் சட்டம் போட்டிருந்தவனும் நான்தான். கைக்குக் கிடைத்தது உங்கள் போன். திறந்தேன்.

'மீண்டும் வருக, ஆவுடையப்பன்.' கீழே, 'இறந்தவர் பெயர்: ஆவுடையப்பன்.'

ஓர் எழுத்துகூட நான் அடிக்க வேண்டியிருக்கவில்லை.

பின்னால் நின்ற அம்மா எழுத்துக் கூட்டி வாசித்தாள். "ஏம்ல, முன்னாலயே எழுதி வச்சிருந்தியா?"

பெட்டி வந்து சேருவதற்குள் அந்த இரண்டு வரியை அழித்துவிட்டேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அம்மா இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதை அடித்தது நீங்கள்தான் என்று சொல்லிவிடலாம். அடிக்கச் சொன்னது யார் என்று கேட்பாளே, என்ன சொல்ல?

இப்போது அந்த ஃபார்முக்கு யாரையும் தெரியாது. அம்மாவுக்காக ஒரு நாள் நான் அதைத் திறக்கும்போதும் கட்டம் காலியாகத்தான் இருக்கும். முதல் எழுத்திலிருந்து நானே அடிப்பேன். சத்தியமாக.

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவனைப் போல 'வாரேன்' சொல்லாமல் முடிக்கும்,
உங்கள் ஒரே மகன்