பூசணிக்கு இன்னும் ஆடி முடியவில்லை, மாமா

எதற்கெடுத்தாலும் "இன்னாமே" என்று கூப்பிட்டே என்னைக் கட்டிப்போட்ட என் மாமாவுக்கு,

நீங்கள் போன பிறகு என்னை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. உங்கள் அம்மா "ஏம்மா" என்கிறார், ஊர் என்னவெல்லாமோ சொல்கிறது. சரி, வீட்டுச் சேதி சொல்கிறேன். முதலில் பூசணியைப் பற்றி. நீங்கள் இருந்தாலும் அவளைத்தான் முதலில் கேட்பீர்கள், பொண்டாட்டி அப்புறம்தான். எனக்குத் தெரியாதா?

பூசணி உயிரோடு இருக்கிறாள். நடுவில் சாகக் கிடந்தாள்.

உத்திரமேரூர் பக்கத்தில் பல்லியைக் காசு கொடுத்து வாங்கி வளர்த்த ஒரே ஆள் நீங்கள்தான். வயரிங் வேலை முடித்து வந்ததும் கைகால் கழுவாமல் பின்னறைக்குள் போய்விடுவீர்கள். அங்கே பெட்டிபெட்டியாக கெக்கோ. சுவரில் ஏறத் தெரியாத, நம்மைப் போலக் கண்ணை மூடித் திறக்கிற, மஞ்சள் உடம்பில் புள்ளி போட்ட பல்லிகள். அதில் பூசணிதான் உங்கள் செல்லம். "தோஷம் போவணும்னு காஞ்சிவரம் போயி தங்கப் பல்லியத் தொட்டுட்டு வரோம். இவன் இன்னாடான்னா பல்லிக்கு டப்பாவுல வூடு கட்டிக் குடுக்கறான்" என்று அத்தை தலையில் அடித்துக்கொள்வார். நீங்கள் சிரிப்பீர்கள்.

போன வைகாசியில் பூசணியின் வால் மெலிந்துபோனது ஞாபகம் இருக்கிறதா? "அதுக்கு சேத்து வெச்ச கொழுப்பெல்லாம் வால்லதான்மே கீது. ஒவ்வொரு முட்டையும் அதுலருந்துதான் போவுது. இந்த வருசம் போட்டது போதும்" என்று சொல்லி, அவளோடு இருந்த ஆண் பல்லி மைனரைத் தூக்கி வேறு பெட்டியில் விட்டீர்கள். அத்தைக்குப் பொறுக்கவில்லை. "புருசன் பொண்டாட்டியப் பிரிக்கிறியே, பாவண்டா!" என்றார். நீங்கள் எதை விளக்குவீர்கள்? "ஆடிக்குப் பிரிச்சி வெக்கறதில்லயா? அப்படி நெனச்சிக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அத்தையும் அதோடு அடங்கிவிட்டார்.

எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. நம் தலை ஆடிக்கு என்னைக் கூரத்தில் அம்மா வீட்டில் விட்டிருந்தபோது, எங்கள் எதிர்வீட்டு ஃபேனை ரிப்பேர் பார்க்கிறேன் என்று ஓயாமல் வந்துகொண்டிருந்தவர் நீங்கள். அந்த ஃபேன் கடைசிவரை சுற்றவே இல்லை.

ஆனி முடியும் சமயம் பெருநகர் கிராமத்தில் ஒரு புது வீட்டுக்கு வேலைக்குப் போனீர்கள். ஏணியிலிருந்து இறங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றார்கள். தண்ணீர் கேட்டீர்களா, மாமா? என் பெயரைச் சொன்னீர்களா? கூட இருந்தவரைப் பார்த்துக் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

காரியம் முடிந்ததும் அம்மா என்னைக் கூரத்துக்குக் கூட்டிப் போனார். மறுபடியும் ஆடி, மறுபடியும் அம்மா வீடு. எதிர்வீட்டு ஃபேனைப் பார்க்க யாரும் வரவில்லை. நான் ஜன்னல் பக்கமே போகவில்லை.

ஆவணி பிறந்து திரும்பி வந்தேன். பின்னறைக்குப் போனால், பூசணியின் பெட்டி மூடியில் மஞ்சளும் குங்குமமும். உள்ளே மைனர் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறான். பூசணியின் கழுத்தில், சேரும்போது அவன் கடித்த தடம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இன்னா அத்த பண்ணி வெச்சிக்கிறீங்க? அவரு பிரிச்சி வெச்சத சேக்கச் சொல்லி உங்களுக்கு யாரு சொன்னது?" என்று கத்தினேன். உங்கள் அம்மாவை நான் அப்படி ஒருநாளும் பேசியதில்லை.

அத்தை பயந்துபோய்ச் சுவரோரம் நின்றார். "ஆடி முடிஞ்சிச்சேம்மா. ஆடிக்குத்தான்னு அவந்தான சொன்னான்?" என்றார். பிறகு, "இந்த வூட்ல ஒருத்தி புருசன் இல்லாம கீறத தெனம் பாத்துக்கினு கீறேன். வாயில்லாத ஜீவனயும் அப்படி வுட மனசு வர்ல" என்றார்.

மைனரை எடுத்துப் பழைய பெட்டியில் விட்டேன். பிறகு உட்கார்ந்து அழுதேன். அத்தையும் அழுதார்.

உங்கள் தாம்பரம் சிநேகிதருக்கு போன் போட்டேன், உங்களுக்குப் பல்லி விற்றாரே, அவருக்குத்தான். "ஒரு தடவ சேந்தாலே போதும்மா. ஆணை எடுத்துட்டாலும் வித்து உள்ளயே தங்கிக்கும், முட்ட வந்துக்கினே இருக்கும். அத நிறுத்த முடியாது. தாங்க வெக்கலாம், அவ்ளோதான்" என்றார். பெட்டிக்குள் சூட்டைக் குறைத்தால் முட்டை நின்றுவிடாதா என்று கேட்டேன். "கொழுத்ததுக்கு அது சரி. எளச்சிக் கெடக்கறத குளுர வுட்டா போயிடும்" என்றார்.

அவர் சொன்னபடியே ஆனது. ரெண்டு ரெண்டாக முட்டை வந்துகொண்டே இருந்தது. கடைசியில் வந்தவை தோல்கூடச் சரியாகப் பிடிக்காமல் சப்பிப்போய் இருந்தன. பொரிக்க வைக்கிற சூட்டுப்பெட்டியில் வைக்க மனசில்லை, முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டேன். உங்களுக்கு வருத்தமா, மாமா? பூசணியின் வால் முருங்கை ஈர்க்காகிவிட்டது. சாப்பாட்டையும் நிறுத்திவிட்டாள். உங்களோடு இவளும் போய்விடக் கூடாதே என்று ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து பெட்டியைப் பார்த்தேன்.

கரப்பான்பூச்சிக்கே கட்டில்மேல் ஏறுகிறவள் நான். நான்தான் பல்லிகளுக்குத் தீனியாக வளர்க்கிற சுவர்க்கோழிப் பூச்சியை நசுக்கி, கால்சியம் பொடி கலந்து, அவள் மூக்கு நுனியில் தடவிவிட்டேன். ஐயோ, அந்த நாற்றம்! அவள் நக்கினால் அன்றைக்கு நானும் ஒரு வாய் சாப்பிடுவேன். நக்கவில்லை என்றால் எனக்கும் இறங்காது. அத்தை அந்தப் பூச்சிகளுக்கு கேரட் சீவிப்போட்டுக்கொண்டு, "பூச்சிக்குக்கூட வடிச்சிக் கொட்டறேன், இந்த வூட்ல திங்கறதுக்குத்தான் ஆளு இல்ல" என்று முணுமுணுப்பார்.

கார்த்திகையோடு முட்டை நின்றது. மார்கழியில் ஒருநாள் காலையில் பெட்டியைத் திறந்தால், பூசணி தானாகவே ஒரு பூச்சியைத் துரத்திப் பிடித்தாள். "அத்த, ஓடியாங்க!" என்று கத்தினேன். உங்களைக் கூப்பிடத்தான் வாய் முதலில் போனது.

இப்போது வால் சதை பிடிக்கிறது. நேற்று அத்தை பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"தனியா வுட்டா தேறிக்கும்னு எம்புள்ள பிரிச்சி வெச்சது சரிதாம்மா. இது நல்லாத்தான் தேறிக்கினு வருது" என்றார். என் பக்கம் திரும்பினார். "நீயுந்தான் தனியா கீற. நீ ஏம்மா எளச்சிக்கினே போற?"

மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தேன். உங்களுக்குத் தெரியுமா, மாமா? தெரிந்தால் சொல்லுங்களேன். பல்லிக்குத் தனியாக இருப்பது ஓய்வு. எனக்கு அது ஓய்வாக இல்லை. நீங்கள் இல்லாமல் எனக்கு ஒன்றுமே முடியவில்லை.

இந்த வருஷம் முழுக்க பூசணிக்கு ஜோடி கிடையாது, முட்டையும் கிடையாது. அவள் தின்பாள், தூங்குவாள், அவ்வளவுதான். அது என் பொறுப்பு. இன்னொரு வாக்கும் தருகிறேன். அத்தை அடுப்படியிலிருந்து "ஏம்மா, சோறு ஆறிப்போவுது" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். இதை முடித்துவிட்டுப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, போடுகிறதை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவேன். நாளைக்கும் சாப்பிடுவேன். அதற்குமேல் இப்போதைக்கு எதையும் கேட்காதீர்கள்.

இன்னமும் உங்கள் பொண்டாட்டி,
இப்போது உங்கள் அம்மாவுக்கு மகளும்,
வளர்மதி