என் மாமனாருக்குத் தண்ணீர் புகட்டிய காணொளியை முழுமையாகக் காட்டக் கோரி

அனுப்புநர்
எதிர்க்கட்சி வேட்பாளரின் அண்ணி,
அச்சகத்துக்குப் பின்புற மாடி வீடு
(தற்சமயம்: அரசு மருத்துவமனை, ஆண்கள் பிரிவு, ஜன்னலோரப் படுக்கை)

பெறுநர்
மாவட்டத் தேர்தல் அலுவலர் அவர்கள்

பொருள்: "உங்கள் குடும்பம் எங்கள் பொறுப்பு" பிரசாரக் காணொளி – நீக்க வேண்டாம், முழுமையாகக் காட்ட உத்தரவிட வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சட்டமன்றத் தேர்தலுக்காக எதிர்க்கட்சி குடும்பங்களுக்குச் சில வாக்குறுதிகள் அளித்துள்ளது. படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு உதவித்தொகை, வீட்டுக்கே வரும் செவிலியர், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. வாக்குறுதிகளில் எனக்குக் குறையில்லை. அந்த ஓய்வு நாளில் என்ன செய்வேன் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்: கதவைத் தாழிட்டுத் தூங்குவேன். என் குறை, அவற்றுக்காகப் படம் பிடித்த விதத்தில்.

2. வேட்பாளர் என் மறைந்த கணவரின் தம்பி. பக்கவாதத்தில் விழுந்த அவருடைய தகப்பனார், அதாவது என் மாமனார், நான்கு ஆண்டுகளாக என்னோடு இருக்கிறார். அவருக்கு விழுங்குவது சிரமம். வெறும் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். கெட்டியாக்கும் மாவு கலந்து, தேன் பதத்தில், தாடையைத் தாழ்த்தி, கரண்டி கரண்டியாகத்தான் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்கு இது தெரியும். வந்து போகாதவருக்குத் தெரியாது.

3. சென்ற ஞாயிறு கொழுந்தனார் கேமராக்காரருடன் வந்தார். "அண்ணி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உங்க நிழல் விழுது" என்றார். தள்ளி நின்றேன். நான் கரைத்து வைத்திருந்ததைப் பார்த்த கேமராக்காரர், "சார், இது பசை மாதிரி இருக்கு, ஸ்க்ரீன்ல எடுபடாது" என்றார். உடனே பாட்டில் தண்ணீர் கண்ணாடி டம்ளருக்கு மாறியது. "ஐயோ, வெறும் தண்ணி குடுக்காதீங்க" என்று கத்தினேன். "ஒரு வாய்தானே அண்ணி, எங்கப்பாவுக்கு நான் குடுக்கக் கூடாதா?" என்று சொல்லி, தலையை நிமிர்த்திப் புகட்டிவிட்டார்.

4. முதல் மடக்கோடு காணொளி முடிகிறது. அதன்பின் மாமனார் இருமி, மூச்சுத் திணறி நீலம் பாரித்ததும், "கட் பண்ணு, சட்டையில பட்டுருச்சு" என்று வேட்பாளர் கைக்குட்டை தேடியதும் அதில் இல்லை. மாமனார் இப்போது நிமோனியாவில் கிடக்கிறார். மருத்துவமனைக்கு எதிரிலுள்ள மின்திரையில் அந்த ஒரு மடக்கு நாள் முழுக்க ஓடுகிறது. ஜன்னல் வழியே அவரும் பார்க்கிறார்.

5. என் மகள் ஓரமாக நின்று கைபேசியில் எடுத்த முழுப் பதிவை இணைத்துள்ளேன். ஆளுங்கட்சியினர் அதைக் கேட்டுப் பழக்கூடையுடன் வந்தார்கள். கூடையோடு திருப்பி அனுப்பினேன். இவரை வைத்து ஒரு கட்சி ஓட்டுக் கேட்டது போதும்.

6. இது பழிவாங்கலா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஆம், பழிவாங்கல்தான். ஆனால் ஒரு பொய்யும் சேர்க்காமல் வாங்குகிறேன். நீக்கச் சொன்னால் கொழுந்தனார் வேறு யாராவது ஒருவரின் தகப்பனாரைத் தேடிப் பிடிப்பார். ஆகவே அதே திரையில், "உங்கள் குடும்பம் எங்கள் பொறுப்பு" என்ற அதே எழுத்துகளின் கீழ், இருமலும் கைக்குட்டையும் சேர்த்து, பிரசாரம் ஓயும்வரை முழுப் பதிவும் ஓட வேண்டும்.

7. படத்தில் இருப்பவரின் சம்மதத்தை அன்று யாரும் கேட்கவில்லை. இன்று நான் கேட்டேன். "உங்க புள்ளதானே மாமா, விட்டுடலாமா?" என்றதற்குக் கண்ணை மூடிக்கொண்டார். "முழுசா காட்டச் சொல்லட்டுமா?" என்றதும் இடது கையை நீட்டினார். செவிலியர் மை கொண்டுவரும்வரை மடக்கவேயில்லை.

தங்கள் ஆணையை அந்தத் திரையிலேயே பார்க்கக் காத்திருக்கிறோம்.

இடம்: ஆண்கள் பிரிவு
நாள்: ஏப்ரல் 9

(கையொப்பம்)
வேட்பாளரின் அண்ணி

(இடது பெருவிரல் ரேகை)
வேட்பாளரின் தகப்பனார்