பிரேமின் அப்பாவுக்குத் தைத்த கொடி

ஒக்ட். 13, திங்.

காலையில் வெயில். மூன்று மணிக்கு மேல் இடி, கரண்ட் போய் வந்தது. தீபாவளிக்கு ஒரு வாரம்தான். பாக்கி: பார்மசி அக்கா ரவிக்கை, பஹீமா வீட்டுத் திரைச்சீலை, மெஷினுக்கு எண்ணெய்.

கிராம சேவகர் வந்தார். அரசியல் கொலைகளை விசாரிக்கிற ஆணைக்குழு மாத்தளைக்கு வந்திருக்கிறதாம். புதன்கிழமை நான் போக வேண்டும். பிரதேச சபை மெம்பர் ஞானசேகர் விஷயம்.

"உக்குவளையில தைக்கிற எல்லாருக்கும் வந்திருக்கு. பயப்படாதீங்க."

பயமில்லை என்றேன். பிறகு ரவிக்கைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்து, பிரித்தேன்.

14, செவ்.

மழை இல்லை. புழுக்கம்.

மெம்பரைப் போன வருடம் பலாபத்வலைப் பக்கம் சுட்டார்கள். ஒரு ஞாயிறு மாலை. ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வருவதற்குள் சந்தியிலிருந்து ஸ்டேஷன் வரை இழவுக்குக் கட்டுகிற வெள்ளைக் கொடி. கட்டியது பிரேம், எதிர்க்கட்சி ஆள். அப்போது ஊரே அவனை மெச்சியது. இப்போது ஆணைக்குழு கேட்கிறது, அத்தனை கொடி அதற்குள் எங்கிருந்து வந்தது என்று.

என்னிடமிருந்து. முதல் நாள் சனிக்கிழமை துணியோடு வந்தான். யாருக்கு என்றேன். பலாபத்வலையில் தங்கச்சி வீட்டில் இருக்கிற அப்பாவுக்கு முடியவில்லையாம்.

"உயிரோட இருக்கிறவருக்கா கொடி?"

"இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்காரு அக்கா. கடைசி நேரத்துல ஓட முடியாதில்ல."

கிண்டல் செய்துகொண்டே தைத்தேன். அந்த அப்பா இப்போது பிரேமோடு இங்கேதான் இருக்கிறார். தினமும் காலையில் எதிர்க்கடையில் பிளேன்டீ. என்னைப் பார்த்துக் கையைத் தூக்குவார்.

வீட்டுக்காரர் சொல்கிறார்: "பௌர்ணமி போயாவுக்கு வெள்ளைத் துணி வர்றதுதானே. ஞாபகம் இல்லன்னு சொல்லிரு. பிரேம் யாரோட ஆளுன்னு தெரியும்ல? கடைய எரிச்சிட்டா நாம எங்க போறது?"

15, புத.

மாத்தளை போய் வந்தாயிற்று. முன்வரிசையில் மெம்பரின் மனைவி. எங்கள் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

கொடிகளை எப்போது தைத்தீர்கள் என்று ஆணைக்குழு வக்கீல் கேட்டார். "போயாவுக்கு விகாரையில சில் எடுக்கிறவங்க வெள்ளை உடுப்பு தைக்கக் குடுப்பாங்க. வெள்ளைத் துணி எப்பவும் கடையில கிடக்கும். கொடி தைச்ச ஞாபகம் இல்லீங்க." குரல்கூட நடுங்கவில்லை. அவ்வளவுதான், போகலாம் என்றார்கள்.

வெளியே வீட்டுக்காரர் ரோல்ஸ் வாங்கித் தந்தார். நன்றாகப் பசித்தது. அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

பஸ்ஸில் பின் சீட்டில் இரண்டு பெண்கள்.

"ஞாயித்துக்கிழமை பலாபத்வலையில அந்தாளுக்கு என்ன வேலை? வண்டியில ஒரேஞ்சுப் பழப் பை வேற இருந்திச்சாம்."

"அங்க ஒரு சின்ன வீடு வச்சிருந்திருப்பாரு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நேற்று எழுதாமல் விட்டது: அந்தச் சனிக்கிழமை இருட்டும் நேரம் மெம்பர் சட்டை வாங்க வந்தார். கொடிகளைப் பார்த்து யாருக்கு என்றார். பிரேமோட அப்பா பலாபத்வலையில மகள் வீட்டுல கடைசி மூச்சு வாங்குறாரு என்று நான்தான் சொன்னேன், நேரில் பார்த்த மாதிரி. "நல்ல மனுசன். கட்சி வேற, இது வேற. ஒரு எட்டு பார்த்துட்டு வரணும்" என்றார்.

நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு யார் போவார்கள்?

17, வெள்.

மழை. திரைச்சீலை முடிந்தது. நூல் வாங்க வேண்டும் (கறுப்பு, மெரூன்).

பிரேமின் அப்பா, அந்தக் கிழவர், ரோட்டைக் கடந்து கடைக்கே வந்துவிட்டார். தீபாவளிச் சட்டையில் பொத்தான் விழுந்துவிட்டதாம்.

"பிரேம் வாங்கிக் குடுத்தான் மகள். எனக்கு எடுப்பா இருக்கா?"

"நல்லா இருக்குங்க" என்றேன்.

"போன வருசம் ஏதும் சுகமில்லாம இருந்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"எனக்கா? காய்ச்சல்கூட வந்ததில்ல."

பொத்தானை வைத்துக் கொடுத்தேன். சாப்பிட முடியவில்லை.

18, சனி

கடை நிறையக் கூட்டம். எல்லோரும் போகும்வரை டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஆணைக்குழுவைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்துப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"அவரு கடைசியா சட்டை வாங்கினது உங்ககிட்டதான். அன்னைக்கு வீட்டுக்கு வந்து, நாளைக்கு ஒருத்தரப் பார்க்கப் போகணும்னு சொன்னாரு. சட்னி அரைச்சுக்கிட்டு இருந்தேன், யாருன்னு கேக்கல. ஊர்ல பேசுறது உங்க காதுலயும் விழுந்திருக்கும். என் மகனும் என்கிட்டயே கேட்டுட்டான். உங்களுக்கு ஏதும் தெரியுமா? அந்த ஒரேஞ்சு யாருக்கு?"

வீட்டுக்காரர் உள்ளே இருமினார். என்னை எச்சரிக்கிற இருமல்.

"பிரேமோட அப்பாவுக்கு, டீச்சர்" என்றேன். கொடி, சனிக்கிழமை, நான் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது தரையில் கிடந்த வெட்டுத் துணிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம்.

"அப்ப வேற யாருக்கும் இல்லையே?"

"இல்ல டீச்சர்."

"இத என் மகன்கிட்ட வந்து சொல்லணும். இப்பவே."

கடையை அப்படியே விட்டுவிட்டு அவர் பின்னால் நடந்தேன். எதிர்க்கடையிலிருந்து கிழவர் கையைத் தூக்கினார்.