ஒரு கிலோ காரப்பொடி

இன்று காலை சாந்தோம் கடற்கரையோரம் மீன் விற்கும் அம்மா, "காரப்பொடி இப்பதான் வந்துகீது, வாங்கிக்கினு போ நைனா" என்று கூப்பிட்டார். நடுத்தெருவில் நின்று தனியாகச் சிரித்தேன். ஏன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும், மச்சி.

உன் வருங்கால மாமனார் உன் வாடகை வீட்டுக்குச் சாப்பிட வந்த ஞாயிற்றுக்கிழமை அது. பெண்ணைத் தர முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லத்தான் வருகிறார் என்று உன் காதலி முன்பே எச்சரித்திருந்தாள். வஞ்சிரம் இல்லாத விருந்தை விருந்தாகவே மதிக்காத மனிதர். நீயோ காலையில் மீன் வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தாய்.

"எல்லாம் குட்டி வஞ்சிரம்டா. ஒரு தபா கூட முட்ட போடல. இத்தையும் தின்னுட்டா அப்பால கடல்ல இன்னா இருக்கும்?"

கல்யாணத்தைவிட மீன்குஞ்சு உனக்குப் பெரிதா என்று தலையில் அடித்துக்கொண்டேன். நீ வீட்டைப் பெருக்கிக்கொண்டே, "படகு வந்திருக்கும், போய் ஒரு கிலோ காரப்பொடி வாங்கியா" என்றாய். மயிலாப்பூரில் மீன் வாசனையே படாத வீட்டில் வளர்ந்தவன் நான். படகுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்காமல், மளிகைக் கடையில் ஒரு கிலோ மிளகாய்த்தூள் வாங்கி வந்தேன். பையைப் பிரித்துப் பார்த்துத் தரையில் உட்கார்ந்து சிரித்தாய். பிறகு நீயே கடற்கரைக்கு ஓடி, அந்தப் பெயர் கொண்ட பொடி மீனை வாங்கி வந்து, நான் வாங்கிய தூளையே தடவிப் பொரித்தாய்.

தட்டைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. "இன்னாப்பா, பொடி மீனா?" என்றார். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "இத பாரு தம்பி, என் பொண்ண..." என்று ஆரம்பித்தார். முள். அதை எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். இன்னொரு முள். முள் மீனைத் தின்றுகொண்டே யாராலும் கோபப்பட முடியாது என்பதை அன்றுதான் கண்டேன். பேச்சை விட்டுவிட்டுச் சாப்பாட்டில் இறங்கினார். தட்டு காலியானதும் விரலை நக்கிக்கொண்டே கேட்டார்: "கல்யாணத்துக்கு இத்த எவ்ளோ வாங்கணும்?"

உன்னால் மீன் தின்னப் பழகிய நானும் இப்போது குட்டி வஞ்சிரத்தைத் தொடுவதில்லை. காரப்பொடியோ நவரையோ, அன்றைக்குக் கடல் தந்ததை வாங்கி உன் வீட்டுக்குக் கொண்டு போகிறேன். உன் மகள் என்னைவிட வேகமாக முள் எடுக்கிறாள்.

இவ்வளவு சீக்கிரம் போய்விட்டாயே என்று உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். இன்றும் சாப்பிட உட்கார்ந்ததும் மனசுக்குள் உன்னைத் திட்ட ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தி முள் எடுக்க வேண்டியதாயிற்று.