ஈரமண்ணில் பதிந்தது என் கால்

என் தங்கையைக் கட்டி, எனக்குக் கூடப்பிறந்தவனாகவே ஆகிப்போன சேவியர் மாப்ளைக்கு,

நீ கண்ணை மூடி, உன் முப்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. உன் மகள் ஸ்டெல்லா பிளஸ் டூ தேறிவிட்டாள். பூசையன்றைக்குச் சாப்பிடும்போது தங்கச்சி பிலோமி சொன்னாள், "தங்கமான மனுசன்ணே. கள்ளாட்டம் ஆடுன அந்த ஒரு தப்பு மட்டும் இல்லாங்காட்டி, ஒரு கொறையும் சொல்ல முடியாது." நான் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன்.

அந்தத் தப்பு உன்னுடையது இல்லையே, மாப்ள.

அப்போது நாம் திருமுல்லைவாயிலில் ரயிலேறிப் போய், பட்டணத்து கோல்ஃப் மைதானத்தில் துரைமார்களுக்கு மட்டைப்பை சுமந்துகொண்டிருந்தோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஆலைக்கு வந்திருந்த வெள்ளைக்காரர்கள் நாலு பேர் நம்மையும் வேனில் ஏற்றிக்கொண்டு சுற்றுலா கிளம்பினார்கள். பெங்களூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டம், மறுநாள் அங்கே கோல்ஃப், அப்புறம் மாமல்லபுரம் கடற்கரை. வேன் சென்னீர்குப்பம் தாண்டும் முன்பே நீ பாட ஆரம்பித்துவிட்டாய். கடலில் குளிக்க வேண்டும் என்று ஒரு நிக்கர் வேறு புதிதாக வாங்கியிருந்தாய்.

திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று, "இன்னா மச்சான், பூசைல சாமியார் குடிக்கறது இதுலருந்துதான் வருதா?" என்று கேட்டாய். "ஆமா, அப்டியே முட்டி போடு" என்று கிண்டல் செய்தேன். துரைமார்கள் ஒயினை முகர்ந்து முகர்ந்து குடித்ததைப் பார்த்து நாம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

மறுநாள் ஆட்டத்தில் நம் துரைமார்கள் இருவரும் ஒரே கட்சி. என் துரை காலையிலிருந்து என்னைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார். அவர் அடித்த பந்து புதருக்குள் போய் வேருக்கடியில் சிக்கிக்கொண்டது. கிடந்த இடத்திலிருந்தேதான் அடிக்க வேண்டும்; நகர்த்தினால் கள்ளாட்டம். தேடப் போனவர்கள் நீயும் நானும்தான். நீ அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, நான் ஒரு ஷூவைக் கழற்றி, கால்விரலால் பந்தைக் கவ்வி வெளியே புல்லில் வைத்தேன். பை சுமக்கிற நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான். அவசரமாக ஷூவை மாட்டிக்கொண்டேன்.

எதிர்க்கட்சித் துரை கில்லாடி. ஈரமண்ணில் வெறுங்கால் தடத்தைப் பார்த்துவிட்டார். எல்லோரும் நம் கால்களைப் பார்த்தார்கள். ஷூ கடிக்கிறது என்று நீ காலையிலேயே கழற்றிப் பைக்குள் போட்டிருந்தாய். அங்கே வெறுங்காலோடு நின்றவன் நீ ஒருவன்தான்.

நீ என் காலைக் குனிந்து பார்த்தாய். "லேஸு அவுந்துகீது மச்சான், கட்டிக்கோ" என்றாய், மெதுவாக. பிறகு நீயே துரைமார்கள் முன்னால் போய் நின்றாய். நான் குனிந்து கட்டினேன். நிமிரும்போது உன்னைப் பஸ் ஏற்றி அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் மாமல்லபுரம் போனேன். கடலில் குளித்தேன். திரும்பி வந்தபோது பட்டணத்து மைதானத்திலும் உன்னைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டிருந்தார்கள். ஆவடியில் ஒரு மரக்கடையில் நீ சுமை தூக்கினாய். நான் அப்போதும் வாய் திறக்கவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பன்னிரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன். நான் கோழை, மாப்ள.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக் குழந்தையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்லி உன்னைத்தான் கேட்டார்கள். பிலோமி, "இவரு வாணாம், எங்கண்ணன் நிக்கட்டும்" என்றாள். நீ சிரித்துக்கொண்டே ஒதுங்கினாய். குழந்தையை ஏந்திக்கொண்டு பீடத்துக்கு முன்னால் நின்றவன் நான். அவளிடமாவது நீ ஏன் சொல்லவில்லை? அண்ணன் மேல் அவளுக்கிருந்த மரியாதையைக் கெடுக்கக் கூடாது என்றா?

அடுத்த மாதம் இந்தக் கடிதம் நம் பங்குக் கோவில் இதழில் வரும். கோவிலுக்கு வருகிற அத்தனை பேரும் படிக்கட்டும். ஆனால் பிலோமி இதை அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போய், ஸ்டெல்லாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, என் வாயாலேயே சொல்கிறேன். இது சத்தியம். அதற்குப் பிறகு அவள் என்னை வாசற்படி ஏறவிடுவாளா, தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவளுக்கு அண்ணன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
அந்தோணி