புகை வெளியே வரலை, மச்சி

மச்சி,

இன்று காலை மந்தைவெளியில் உன் மாடியறையில் ஊதுவத்தி ஏற்றினேன். சாமிக்கு இல்லை, உன் ரிமோட் விமானத்துக்கு.

நீ போன பிறகு இங்கே தனியாக இருந்த அண்ணி வீட்டைக் காலி செய்துவிட்டு ஆதம்பாக்கத்தில் மகளோடு இருக்கப் போகிறார். அதற்குள் ஒரு தடவை அது பறப்பதைப் பார்க்க வேண்டுமாம். "நீங்கதான் ஓட்டணும் தம்பி" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆனால் நீ பக்கத்தில் நின்று திட்டாமல் நான் ஒரு நாளும் ரிமோட்டைத் தொட்டதில்லையே. அவர் கண்ணெதிரே அது விழுந்து நொறுங்கினால்?

பயமெல்லாம் இன்ஜின் சூட்டைப் பற்றித்தான். பைக் சூடானால் ஓரம் கட்டலாம். வானத்தில் எங்கே ஓரம் கட்டுவது?

அந்த ஆயுத பூஜை ஞாபகம் இருக்கிறதா? விமானத்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்து அதன் மூக்கில் சாமந்திச் சரம் சுற்றினோம். மறுநாள் சரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு ஊருக்கு வெளியே அந்தக் காய்ந்த ஏரிக்குக் கொண்டுபோனோம். அறுந்த ஒரு துண்டு, இன்ஜினுக்குக் காற்று போகும் முன்துளை வழியாக உள்ளே போய் சிலிண்டரை அடைத்துக்கொண்டிருந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை. காற்று பட வேண்டிய இடத்தில் பூ. உயரத்தில் இன்ஜின் இழுத்து இழுத்து நின்றேவிட்டது. நீ மிதக்கவிட்டு முள்செடிக்கு இந்தப் பக்கம் இறக்கினாய். மூடியைத் திறந்தால் கருகின சாமந்தி நாற்றம்.

பயத்தில் நான் முன்துளையை இன்னும் பெரிதாக வெட்டலாம் என்றேன். நீ சிரித்தாய். "வாசக்கதவ மட்டும் தெறந்து வெச்சா காத்து வருமாடா? பின்னாடி ஜன்னலத் தெற." விமானத்தின் அடிவயிற்றில் முன்துளையைவிடப் பெரிதாக ஒரு வழி வெட்டினாய். அன்றிலிருந்துதான் இந்த ஊதுவத்திச் சோதனை. முன்னால் டேபிள் ஃபேன், துளை வாயில் வத்தி. "புகை கீழ வந்தா கெளம்பு. வரலன்னா டிபன் துன்னுட்டு ஊட்டுக்குப் போ."

இன்று புகை உள்ளே போனது. கீழே வரவில்லை. கொஞ்சம் திரும்பி என் முகத்திலேயே அடித்தது. மறுபடி வைத்துப் பார்த்தேன், அதே கதை.

"என்ன தம்பி, சரியா இல்லையா?" அண்ணி காபியோடு வாசலில் நின்றார்.

"சும்மா பாக்கறேன் அண்ணி" என்று சொல்லிக்கொண்டே மூடியைக் கழற்றினேன். உள்ளே சிலிண்டர் தெரியவில்லை. அத்தனையும் சாமந்தி. அடியில் சருகு, மேலே இன்று காலைப் பூ.

"தினம் அவர் படத்துக்கு ஒண்ணு, இதுக்கு ஒண்ணு. மேல வெச்சா வழுக்கி விழுது. அதான் அந்த ஓட்டையில சொருகிடுவேன். தப்பா தம்பி?"

"அதெல்லாம் இல்ல அண்ணி" என்றேன். இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒவ்வொரு இதழாக எடுத்தோம். திரும்ப வத்தி வைத்ததும் புகை கீழே நூல் பிடித்த மாதிரி வந்தது.

வெயில் தாழ்ந்ததும் அதே காய்ந்த ஏரியில் மேலே ஏற்றினேன். விமானத்தைப் பார்த்ததைவிட அதன் சத்தத்தைக் கேட்டதுதான் அதிகம். சின்னதாக மாறுகிற மாதிரி தோன்றும்போதெல்லாம் உயிர் போய்த் திரும்பியது. மாறவில்லை, மச்சி, கடைசிவரை மாறவில்லை. அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அண்ணாந்தே நின்றார்.

இறக்கியதும் கிட்டே வந்தார். கையில் ஒரு சாமந்தி. "இப்ப வைக்கலாமா?"

"ஆறட்டும் அண்ணி."

ஆறும்வரை இரண்டு பேரும் அதன் பக்கத்திலேயே நின்றோம். அப்புறம் பூவை என் கையில் கொடுத்தார். "அங்க மகள் வீட்டுல இத வைக்க இடம் இல்ல. நீங்களே எடுத்துட்டுப் போங்க. தினம் ஒண்ணு வெச்சிடுங்க."

இப்போது அது என் ஹாலில் இருக்கிறது. பூவை வாலில் நூல் போட்டுக் கட்டியிருக்கிறேன். ஆனாலும் படுக்கப் போகும் முன் அதன் மூக்குத் துளையில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டேன். இனி தினமும் பார்ப்பேன்.