வெள்ளை மூடாக்கில் பச்சை வட்டங்கள்

பல்லடம் சாலை, திருப்பூர்
21-9-2008, ஞாயிறு காலை

என் வயிற்றில் உதித்து, ஹாலந்து தேசத்துக் குளிரில் குடித்தனம் நடத்தும் அன்பு மகள் மோனிஷாவுக்கு அம்மா சாரதாமணி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் தந்தையாரும் நலம். நாளுக்கு மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாதபோதும் நலமாகவே இருக்கிறோம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் இதே அளவு நலத்தோடும், கூடுமானால் சற்றுக் கூடுதலாகவும் இருக்க வேண்டுமென்று அழகுமலை முருகனிடம் விண்ணப்பித்திருக்கிறேன். வாரந்தோறும் தொலைபேசியில் பேசுகையில் கடிதம் எதற்கு என்று நீ வியக்கக்கூடும். நான் உன்னோடு பேசும் போதெல்லாம் உன் தந்தையார் பக்கத்தில் வந்து நின்று ரிசீவரில் காதை ஒட்டிக்கொள்கிறார், இக்கடிதமோ முழுக்க முழுக்க அவரைப் பற்றியது. ஆகவே இதைப் படித்தபின் பத்திரப்படுத்து, அவரிடம் ஒரு சொல்லும் மூச்சு விடாதே.

ஆடி பிறந்த வாரத்தில் உன் தந்தையாருக்கு இரத்தச் சர்க்கரை, வெறும் வயிற்றில், இருநூற்று நாற்பது இருந்ததைத் தொலைபேசியில் உனக்குக் 'கொஞ்சம் கூட' என்று மட்டும் சொன்னோம், மன்னித்துக்கொள். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும், இரண்டு மாதத்தில் இறங்காவிட்டால் ஊசிதான் என்று கண்டிப்பாகச் சொன்னார். உன் தந்தையாருக்கு ஊசி என்றால் எவ்வளவு பயம் என்பதை நீ அறிவாய், உனக்குத் தடுப்பூசி போட்ட அன்று அவர்தானே மயங்கி விழுந்தார். மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டார், அதில் குறை சொல்ல மாட்டேன். நடக்கத்தான் மறுத்துவிட்டார். "பேக்டரிக்குள்ளயே நாளைக்கு நூறு நடை நடக்கறனுங்க டாக்டரு, அது பத்தாதுங்களா" என்றார். அவர் நடக்கும் நூறு நடை நம் பனியன் பேக்டரி ஆபீஸ் அறை நாற்காலியில் இருந்து பேக்கரிப் பலகாரம் வைத்திருக்கும் அலமாரி வரைக்கும்தான் என்பதை அந்த இடத்தில் எடுத்துரைப்பது நாகரிகமல்ல என்று மருந்துச் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டேன்.

இனி என் தோட்டத்துக்கு வருகிறேன். சென்ற வருடம் நீ படித்த பெர்மாகல்ச்சர் வகுப்பின் பாடத்தாள்களை எனக்கு அனுப்பிவைத்தாய் அல்லவா, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நாலு மாதத்தில் அதை முழுவதும் படித்து முடித்தேன் என்பதைப் பெருமையோடு தெரிவிக்கிறேன். நீடித்த வேளாண்மை என்று என் நோட்டில் தமிழும் செய்து வைத்திருக்கிறேன். வீட்டோடு ஒட்டிய பேக்டரிக்குப் பின்னால் உள்ள பன்னிரண்டு சென்ட் இடத்தில் தூதுவளை, வல்லாரை, கற்பூரவள்ளி, பிரண்டை, சிறுகுறிஞ்சான், பாகல், கறிவேப்பிலை எல்லாம் அந்தப் பாடத்தின்படியே வைத்தேன், பாத்திகளை நேர்கோடாக இல்லாமல் வளைத்து வளைத்துப் பாதை விட்டேன், தையல்காரர்கள் கை கழுவும் தண்ணீரை வாழைக் குழிக்குத் திருப்பினேன். மண்ணை வெறுமனே வெயிலில் விடக்கூடாது, மூடாக்கு போட வேண்டும் என்று எழுதியிருந்தது. வைக்கோலுக்கு நான் எங்கே போவேன், நம்மிடம் இருப்பது கட்டிங் வேஸ்ட். டேபிளில் பனியன் வெட்டியபின் மிஞ்சும் துண்டுகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய் விரித்துவிட்டேன். முதல் தடவை ஆர்வ மிகுதியால் சிவப்புத் துண்டுகளையும் சேர்த்துப் போட்டதில், ஒரு மழைக்கு வல்லாரைப் பாத்தி குங்குமம் கரைத்த தாம்பாளம் போல் ஆகிவிட்டது, சாயத்தில் நின்ற செடிகளையெல்லாம் பிடுங்கி எறிந்து மறுபடியும் நட்டேன். அதன்பின் கட்டிங் மாஸ்டர் சுப்பண்ணனிடம் சொல்லிச் சாயம் போடாத, லைக்ரா என்ற ரப்பர் நூல் கலக்காத, சுத்தமான வெள்ளைப் பருத்தித் துண்டுகளை மட்டும் பிரித்து வாங்கி விரித்தேன். பின்வாசலில் நின்று பார்த்தால் பனி பெய்த உன் ஊர்ப் புகைப்படம் போலவே இருக்கும். உன் தந்தையார் அதைப் பார்த்துவிட்டு, "செடிக்கெல்லாம் பனியன் போட்டு வுட்டுட்ட, ஜட்டியும் தெச்சுக் குடுக்கச் சொல்லட்டுமா சாரதா" என்று தையல்காரர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் கேட்டார். அன்று இரசத்தில் நான் உப்புப் போடவில்லை.

அந்தப் பன்னிரண்டு சென்டிலும் பேக்கிங் ஷெட் கட்டுவதென்று அவர் முன்பே மனதில் வைத்திருந்தார் போலும். ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாள் கட்டட மேஸ்திரி கிட்டுசாமி வந்து நான்கு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டிவிட்டார். "ஏனுங்க அம்மிணி, ஜல்லிக்கு லாரி சொல்லியாச்சுங்க, இந்தத் தழையெல்லாம் எப்பங்க புடுங்கறது" என்று என்னையே கேட்டார். அந்த இடம் எனக்கு வெறும் தழை அல்ல, நானே படித்து, நானே பிழை செய்து, நானே திருத்திக்கொண்ட ஒரே பள்ளிக்கூடம் அது. ஆகவே நான் சுப்பண்ணனையும் கிட்டுசாமியையும் சாட்சியாக நிறுத்தி, ஒரு மண்டலம் இந்த மூலிகைச் சாற்றைக் குடியுங்கள், சர்க்கரை இறங்கினால் தோட்டம் இருக்கட்டும், இறங்காவிட்டால் ஷெட் வரட்டும் என்று முன்மொழிந்தேன். உன் தந்தையார் மீசையைத் தடவிக்கொண்டு, "சுப்பண்ணா, நீதா சாச்சி. நாப்பத்தெட்டு நாளு இவ குடுக்கற தழைத் தண்ணியக் குடிக்கறேன். எறங்குனா எடம் இவுளுக்கு. எறங்கலீன்னா கிட்டுசாமிக்கு" என்றார். சுப்பண்ணன், "எனக்கொண்ணும் இல்லீங்களா" என்று கேட்டதோடு அந்தப் பஞ்சாயத்து கலைந்தது.

மறுநாள் தொடங்கி தினமும் காலை ஆறு மணிக்குப் பாகற்காய், சிறுகுறிஞ்சான், கறிவேப்பிலை மூன்றையும் அரைத்துப் பிழிந்து எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுப்பேன். என் எதிரில் குடித்தால் குமட்டுகிறது, காற்றாடப் போய்க் குடிப்பதாகச் சொல்லி டம்ளரோடு பின்வாசல் வழியாகப் போவார், நெடுநேரம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டு முகத்தை அஷ்டகோணலாக்கி வந்து காலி டம்ளரை வைப்பார். தழைத் தண்ணியாய் இருந்தாலும் கட்டியவளின் கைப்பட்டதை ஒரு சொட்டு விடாமல் குடிக்கிறாரே என்று நான் உள்ளம் நெகிழ்ந்துபோனதுண்டு. அந்த நெகிழ்ச்சியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தினமும் இருட்டோடு ஈரம் மட்டும் பார்த்துப் போகிற நான் நாற்பதாம் நாள்தான் பகல் வெளிச்சத்தில் மூடாக்கு முழுவதும் வட்ட வட்டமாகப் பச்சையும் பழுப்புமாய் ஏதோ படர்ந்திருப்பதைக் கண்டேன். ஏதோ பூஞ்சை நோய் தாக்கிவிட்டது, எட்டு நாளில் தோட்டமே பட்டுப்போகும், கிட்டுசாமி பிடுங்க வேண்டிய அவசியமே இராது என்று கலங்கி, செக்கிங் செக்‌ஷனில் இருக்கும் சின்னத்தாயைக் கூட்டிவந்தேன். தேனிப் பக்கத்திலிருந்து வந்தவள், செடிகொடி அறிந்தவள். அவள் குனிந்து ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள், மோந்து பார்த்தாள், பிறகு இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "பூசணமும் இல்ல ஒண்ணும் இல்லம்மா, இது கறை. பதினேழு வருசமா கறை பாக்குற கண்ணு. ஒவ்வொண்ணும் ஒரு டம்ளர் அளவு. கதவுப் பக்கம் இருக்கது பழசாகிப் பழுப்பாயிருச்சு, உள்ள போகப் போகப் பச்சையா இருக்கு. மோந்து பாருங்க, பாகக்காய்" என்றாள். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவளே இரக்கப்பட்டு, "ஐயா செஞ்சதுக்குப் பேரு மருந்து குடிக்கிறது இல்லம்மா, தண்ணி பாய்ச்சுறது" என்று விளக்கினாள். விளக்கிக்கொண்டே, பழக்க தோஷத்தால், செக்கிங் டேபிளில் குறை கண்ட இடத்தில் ஒட்டுவார்களே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர், அதைப் பையிலிருந்து எடுத்து ஒவ்வொரு வட்டத்திலும் ஒட்டிக்கொண்டே போய்விட்டாள். மொத்தம் நாற்பது அம்புகள். ஒரு நாள்கூடத் தவறவில்லை, ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அந்நேரம் பார்த்து உன் தந்தையாரின் செருமல் சத்தம் கேட்கவே, நானும் அவளும் முட்டிபோட்டு நாற்பது அம்புகளையும் பிய்த்து எடுத்தோம். என்ன தேடறீங்க என்றார் அவர். ஊசி விழுந்துவிட்டதாம் என்றாள் சின்னத்தாய். ஊசி என்றதும் மனிதர் அந்தப் பக்கமே நிற்காமல் போய்விட்டார்.

மறுநாள் காலை மாடித் தையல் அறை ஜன்னலில் மறைந்து நின்று முழுக் காட்சியையும் பார்த்தேன். தினமும் விடியுமுன் நான் ஒவ்வொரு பாத்தியிலும் விரலை விட்டு ஈரம் பார்ப்பவள் என்று அவருக்குத் தெரியும், அதனால் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஊற்றிய இடத்தில் மறுபடி ஊற்றுவதில்லை. புது இடம் தேட வேண்டும், நான் விட்ட வளைந்த பாதையிலோ ஓரிடத்திலிருந்து மறு இடத்துக்கு நேராகப் போக வழியில்லை. கோவில் பிரகாரம் சுற்றுவது போல டம்ளரைக் கையில் ஏந்தி ஒரு சுற்று, பிறகு இரண்டாவது சுற்று, நடுவில் இடமும் வலமும் பார்வை, ஒரு பொய்த் தும்மல், சட்டென்று குனிந்து ஊற்றல், வேட்டி நுனியால் டம்ளரைத் துடைத்தல், பின் ஒரு தப்பும் அறியாதவர் போல எதிர்ப்பக்கமாக நீண்ட சுற்று. சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன், முப்பத்தைந்து நிமிடம்.

எனக்கு வந்த கோபத்துக்கு இறங்கிப்போய்க் கேட்டிருப்பேன். ஆனால் கேட்டால் பந்தயம் செல்லாது என்று ஆகிவிடும், கிட்டுசாமியின் ஜல்லி மறுநாளே வந்து இறங்கும். கேட்காவிட்டாலோ சாறே உள்ளே போகாத உடம்பில் சர்க்கரை எப்படி இறங்கும், எட்டு நாளில் என் தோட்டம் எப்படியும் போகத்தானே போகிறது. இந்த இருதலைக்கொள்ளித் துன்பத்தில் நான் வாடியிருந்தபோது, கொடியில் காய்ந்த, அவர் வேட்டிமேல் கட்டும் பச்சை பெல்ட்டை எடுத்து மடித்தேன். அதில் ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டைகள் போட்டிருந்தார், வயிறு பெருக்கிற பக்கம் அல்ல, இடுப்பு சுருங்குகிற பக்கம். மாடிப்படி ஏறி வந்து முன்போல் மூச்சு வாங்காமல் என்னைத் திட்டியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் பெல்ட்டை மடித்து வைத்துவிட்டு வாயையும் மூடிக்கொண்டேன்.

நாற்பத்தெட்டு நாளும் முடிந்த நேற்று முன்தினம் இரத்தம் கொடுத்தோம், கண்ணை இறுக மூடிக்கொண்டார். நூற்று இருபத்தெட்டு என்று தாளில் இருந்தது. உன் தந்தையார் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார், வேறு யாருடைய இரத்தமாவது மாறிவிட்டதோ என்று சந்தேகப்படுபவர் போல. டாக்டர், நடக்கறீங்களா என்று கேட்டார். "அதுக்கெல்லாம் நேரம் ஏதுங்க" என்றார் உன் தந்தையார். பின்னே என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, உண்மையைச் சொல்ல வழியில்லாமல், தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாம் எங்கூட்டுக்காரி சாறுதானுங்க" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு அந்தப் புகழை ஏற்றுக்கொண்டேன், வேறென்ன செய்ய. மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதில் நானும் கண்டிப்பாக இருக்கிறேன். வாக்கு தவறாத மனிதர் என்பதால் வந்ததும் கிட்டுசாமியைக் கூப்பிட்டு முளையைப் பிடுங்கச் சொன்னார். கிட்டுசாமி, "அந்தச் சாறு எனக்கொரு டம்ளருங்க அம்மிணி, எனக்கும் சக்கரைங்க" என்றதும் உன் தந்தையார் பதறிப்போய், அதெல்லாம் அவரவர் உடம்புக்குத் தக்கன என்று தடுத்தார். கயிற்றை நான் பிரண்டை ஏறுவதற்குக் கட்டிவிட்டேன்.

இதிலிருந்து நான் கண்டறிந்த ஒன்றை உன் வகுப்பு ஆசிரியரிடம் என் பெயரைக் குறிப்பிட்டே தெரிவி. தினமும் தேவைப்படும் செடியை வாசலுக்கு அருகில் வை என்று பாடத்தில் இருக்கிறது. அது சோம்பல் இல்லாதவர்களுக்குப் பொருந்தலாம், நம் குடும்பத்துக்கு எது தேவையோ அதை எட்டாத தூரத்தில் வைக்க வேண்டும். நீயும் நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து முதுகு வலி என்கிறாய், உன் கற்பூரவள்ளித் தொட்டியை மேசைப் பக்கத்தில் வைக்காதே, வீட்டின் மறுகோடி ஜன்னலில் வைத்து ஒரு தடவைக்கு ஒரு டம்ளர் வீதம் நாலு தடவை நடந்துபோய் ஊற்று.

நேற்று மூடாக்கில் வெள்ளையாக மிஞ்சிய இடம் வெகு குறைவு என்பதைக் கவனித்தேன். ஊற்ற இடமில்லாவிட்டால் நடைக்கும் இடமில்லை, ஆகவே சுப்பண்ணனிடம் இன்னும் இரண்டு மூட்டை வெள்ளைத் துண்டு வாங்கி, கிழக்கு வேலி வரைக்கும் புதுப் பாத்தி வளைத்து விரித்துவிட்டேன். பாகற்காயை வீணாக்க மனம் வராமல், இன்று காலை அதைப் பொரியலுக்கு வைத்துக்கொண்டு, அரிசி கழுவிய தண்ணீரில் நாலு கறிவேப்பிலையை அரைத்துக் கலந்து டம்ளரில் கொடுத்தேன், எப்படியும் செடிக்குத்தானே போகிறது. ஜன்னலில் நின்று பார்த்தேன். புது வெள்ளையைக் கண்டதும் அவர் நின்றுவிட்டார். வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, டம்ளரை உயர்த்தி ஒரு வாய் குடித்தார். மாடி ஜன்னல் பக்கம் திரும்பினார், நான் சட்டென்று திரைக்குப் பின் போய்விட்டேன். இந்த முறை தும்மலும் இல்லை, இடம்வலம் பார்வையும் இல்லை, நிதானமாக வேலியோரம் வரை நடந்துபோய் ஊற்றிவிட்டு வந்தார். டம்ளரை வைக்கும்போது, "இன்னிக்குச் சாறு நல்லா இருந்துது சாரதா" என்றார். கேட்டுவிட்டால் நாளை முதல் அவர் நடப்பதற்குக் காரணம் ஏதும் இராது, ஆகவே நானும், ஆமாங்க, இலை கொஞ்சம் இளசு என்று சொல்லி டம்ளரைக் கழுவி வைத்தேன்.

மாப்பிள்ளையிடம் என் விசாரிப்பைச் சொல். காதை மூடிக்கொண்டு வெளியே போ, வெந்நீரே குடி. நீங்கள் இருவரும் நோயற்ற நெடுவாழ்வும் நிறைந்த மக்கட்பேறும் பெற்று வாழ அம்மாவின் ஆசிகள். அடுத்த வாரம் தொலைபேசியில் அப்பா தன் சர்க்கரை இறங்கிய கதையைச் சொல்வார், முதன்முதலாகக் கேட்பது போலக் கேட்டு, சாறு கசக்கவில்லையா அப்பா என்று மட்டும் ஒரு கேள்வி கேள். அவர் என்ன பதில் சொன்னார் என்பதை மறக்காமல் எனக்குத் தனியே கடிதத்தில் எழுது.

இப்படிக்கு,
உன் நலம் ஒன்றையே நாடும் தாய்,
லி. சாரதாமணி